ஒரே ஒரு எலி

மனித ஞாபகசக்தி பற்றிய முதல் பெரிய விஞ்ஞானப் பரிசோதனையில் கலந்துகொண்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர். ஜெர்மனிக்காரர் ஹெர்மன் எபிங்ஹாஸ். சரி, பரிசோதனை நடத்திய விஞ்ஞானி யார்? அதுவும் எபிங்ஹாஸ்தான். மார்க் போட்டவர்? வேறு யார் கிடைப்பார்!

1879-இல் ஆரம்பித்தார். அர்த்தமுள்ள வார்த்தைகள் வேண்டாம், பழைய ஞாபகங்கள் ரெகமண்டேஷனோடு வந்து நிற்கும் என்று சந்தேகம். ஆகவே ‘ஸுக்’, ‘மெஃப்’ என்கிற ரகத்தில் சுமார் 2,300 அசைகளைத் தயாரித்தார். அவற்றைக் குலுக்கி எடுத்து, கடிகார ‘டிக் டிக்’குக்கு ஏற்ப, தப்பில்லாமல் வரும்வரை உருப்போட்டார். கொஞ்ச நாள் இல்லை ஸார், வருஷக்கணக்கில்! ஜன்னல் வழியே காதில் விழுந்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்.

நடுவில் ஒரு மாறுதலுக்கு பைரனின் ‘டான் ஜுவான்’ கவிதையை எடுத்தார். காதல் லீலைகள் நிறைந்த காவியம். மனுஷர் அதையும் விட்டுவைக்காமல் அசை எண்ணினார்! 80 அசை கொண்ட ஒரு பத்தி ஒன்பது தடவை படித்ததுமே மனதில் ஏறியது. அதே அளவு ‘ஸுக், மெஃப்’ ஏற 70, 80 தடவை ஆகும். அர்த்தம் என்ற ஒன்று உலகத்தில் எதற்கு இருக்கிறது என்று இப்படியும் ஒருவர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

1885-இல் புத்தகம் வந்தது. உருப்போட்டதை மறுபடி படிக்கும்போது எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதுதான் அவர் கணக்கு. 20 நிமிஷம் கழித்துப் படித்தால் 58 சதவீதம் மிச்சம். ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. ஒரு மாதம் கழித்தும் 21! அதாவது, மறக்க வேண்டியதில் பெரும்பங்கை முதல் மணி நேரத்திலேயே மறந்து தீர்த்துவிடுகிறோம். மனித குலம் நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் செய்கிற ஒரே வேலை.

ஒற்றை ஆளை நம்பலாமா என்று இழுக்கிறீர்களா? 2015-இல் ஆம்ஸ்டர்டாமில் இன்னொருவர் 70 மணி நேரம் இதே தண்டனையை அனுபவித்தார். கிட்டத்தட்ட அதே வளைகோடு! ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதிய இருவரில் அவரும் ஒருவர் என்பதைச் சொல்ல வேண்டுமா என்ன?

ஒரே தடவை படித்தால் தனக்கு ஏழு அசை தேறுகிறது என்றும் எபிங்ஹாஸ் குறித்து வைத்திருந்தார். 1956-இல் ஹார்வர்டின் ஜார்ஜ் மில்லர் வசமாகச் சிக்கியது அந்த ஏழிடம்தான். ஓர் எண் ஏழு வருஷமாகத் தன்னைத் துரத்துகிறது என்று, போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுப்பவர் போலத்தான் கட்டுரையையே தொடங்குகிறார்! குறுகிய நேரத்துக்கு மனதில் நிற்பவை ஏழு, கூடக்குறைய இரண்டு என்கிறார். முடிவில் உலக அதிசயம் ஏழு, கடல் ஏழு, வாரத்துக்கு நாள் ஏழு என்றெல்லாம் அடுக்கிவிட்டு, ‘எல்லாம் தற்செயலாக இருக்கும் என்றே சந்தேகப்படுகிறேன்’ என்கிற தொனியில் நைஸாக நழுவிவிட்டார்.

அந்தக் கடைசிப் பாராவரை யார் போகிறார்கள்? தலைப்பிலிருந்த ஏழு மட்டும் மேடை மேடையாக ஏறியது. 2001-இல் உளவியலாளர் நெல்சன் கோவன் மறுபடி கணக்குப் பார்த்து, அசலில் நாலுதான் தேறும் என்றார். அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்!