தோட்டத்துக்கு வழி தெரியாத அரசு

கொங்கு நாட்டில் தோட்டத்து வீட்டில் குடியிருக்கும் வயதானவர்களுக்கு ஒரு நற்செய்தி. உயிரோடு இருப்பது எப்படி என்று அரசே இப்போது இலவசமாகச் சொல்லித் தருகிறது. கேமரா மாட்டுங்கள். வாசலில் லைட் போடுங்கள். நாய் வளருங்கள். நகையை பேங்க் லாக்கரில் வையுங்கள். ராத்திரியில் யார் கூப்பிட்டாலும் கதவைத் திறக்காதீர்கள். கேமரா செலவு உங்களுடையது, லாக்கர் வாடகை உங்களுடையது, நாய்க்குச் சோறும் உங்களுடையதே. அப்புறம் அரசின் பங்குதான் என்ன என்று கேட்டுவிடாதீர்கள். அறிவுரை அவர்களுடையது. நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த அறிவுரை சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. 2024 நவம்பர் 28ஆம் தேதி இரவு, பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டன்பாளையத்தில் தோட்டத்து வீட்டிலிருந்த தகப்பன், தாய், மகன் மூவரும் கொல்லப்பட்டார்கள். மகன் கோவையில் ஐ.டி. வேலையில் இருந்தவர். பெற்றோர் வீட்டுக்கு வந்து தங்கிய இரவு அது. 14 தனிப்படை அமைத்தார்கள். செத்தவர்கள் மூன்று பேர், தனிப்படை 14. எண்ணிக்கையில் யாரும் குறை சொல்ல முடியாது. மார்கழி போனது, தை போனது, மாசியும் போனது. துப்பு மட்டும் வரவில்லை. வழக்கை சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றினார்கள். ஃபைல் இடம் மாறியது. கொன்றவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

2025 மே 1. ஊர்தோறும் கிராமசபை கூட்டி, ஜமக்காளம் விரித்து, தீர்மானம் எழுதும் நாள். அன்றைக்குத்தான் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் இன்னொரு தோட்டத்து வீட்டில் வயதான கணவன், மனைவி இருவரும் பிணமாகக் கிடப்பது தெரிந்தது. பிள்ளைகள் போன் போட்டு, எடுக்காமல் போக, சொந்தக்காரர்கள் போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. செத்துச் சில நாள் ஆகியிருந்தது. அந்தச் சில நாளும் ராத்திரி ரோந்து எந்தப் பக்கம் போயிற்று என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

இம்முறை வேலை வேகமாக நடந்தது. மே மாதத்துக்குள்ளேயே மூன்று பேரையும், அவர்களிடம் நகையை வாங்கி உருக்கியதாக ஒருவரையும் பிடித்தார்கள். பாராட்டுவோம். பிடித்த கையோடு காவல்துறை இன்னொன்றும் சொன்னது: பல்லடத்தில் மூன்று பேரைக் கொன்றதும் இவர்களே.

இதைக் கேட்டுக் கைதட்டியவர்கள் கொஞ்சம் கையைக் கீழே இறக்கிவிட்டு யோசிக்க வேண்டும். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை அது குற்றச்சாட்டுத்தான். ஆனால் காவல்துறை சொல்வது உண்மையானால், அதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. நவம்பரில் செய்ய வேண்டிய வேலையைச் செய்திருந்தால் சிவகிரிக் கிழவனும் கிழவியும் இன்றைக்கு மாட்டுக்குத் தட்டு அறுத்துப் போட்டுக்கொண்டு இருந்திருப்பார்கள். இதை வெற்றி என்று பேட்டி கொடுக்கத் தமிழ்நாட்டில் தனித் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலுக்கு மட்டும் நம்மிடம் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை.

நடுவில் டீக்கடையில் வேறொரு தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. “வடக்கத்தியான் வேலைங்க இது.” ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளிலும் பிரஸ் டேபிளிலும் நின்று முதுகு ஒடிகிறவனைப் பார்த்து நாம் சொன்ன தீர்ப்பு. கடைசியில் பிடிபட்டவர்கள் ஈரோடு மாவட்டத்துக்காரர்கள். நம் மொழி பேசுகிறவர்கள், நம் இட்டேரியில் நடந்தவர்கள். தீர்ப்பு எழுதிய டீக்கடைக்காரர்கள் ஒருவர்கூட அந்த ஒடிசாப் பையனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அரசுக்குத் துப்புக் கெட்டுப்போனது என்றால் நமக்கு வெட்கம் கெட்டுப்போனது.

பல்லடத்துக்கு இது புதிதும் இல்லை. 2023 செப்டம்பர் 3ஆம் தேதி கள்ளக்கிணறில் ஒரே குடும்பத்தில் நான்கு பேரை வெட்டிக் கொன்றார்கள். வீட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்காதே என்று சொன்னதுதான் அவர்கள் செய்த குற்றம். அந்தக் குடிக்குச் சரக்கு விற்பது யார் என்று தெரியாதவர்கள் யாரும் இல்லை. 2024–25இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கும் மேல். அதே வருடம் திருப்பூர் மொத்தமும் ராப்பகலாகத் தைத்து உலகத்துக்கு ஏற்றுமதி செய்தது ஏறத்தாழ 40,000 கோடிக்கு. ஆக, டாலர் சிட்டி என்று நாம் பெருமை பேசும் ஊரின் உழைப்பைவிட அரசின் குவார்ட்டர் பாட்டிலுக்கு வரும்படி அதிகம். குடிக்க வைக்கும் வேலையை அரசு பார்த்துக்கொள்கிறது. தோட்டத்து ஓரத்தில் உட்கார்ந்து குடிக்காதே என்று சொல்லும் வேலையை உழவன் பார்த்துக்கொள்ள வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்பது கள்ளக்கிணறில் தெரிந்துவிட்டது.

சரி, போலீஸ் வந்தால் எல்லாம் சரியாகுமா? 2025 ஆகஸ்டில் உடுமலை பக்கம் குடிமங்கலத்தில், ஒரு தோட்டத்தில் தகப்பனுக்கும் மகன்களுக்கும் நடந்த தகராறை விலக்கிவிடப் போன சிறப்பு உதவி ஆய்வாளரையே வெட்டிக் கொன்றார்கள். கைதான மகன்களில் ஒருவன் என்கவுன்டரில் செத்தான். வழக்கு நடத்த வேண்டிய இடத்தில் ஒரு தோட்டா போதும் என்று முடித்துக்கொண்டார்கள். ராத்திரியில் ரோந்துக்குக் கூட இரண்டு ஆள் அனுப்ப வழி இல்லாத அரசுக்குத் துப்பாக்கிக்கு மட்டும் பஞ்சமில்லை.

இத்தனையும் கேட்டுவிட்டு, “தோட்டம் எல்லாம் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது, ஒவ்வொரு வீட்டையும் தேடி எப்படிங்க வர முடியும்?” என்று ஓர் அதிகாரி கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அரசுக்குத் தோட்டத்துக்கு வழி தெரியாது என்று நாமும் நம்பியிருப்போம், 2013 நினைவில் இல்லாமல் இருந்தால்.

2013இல் கெயில் எரிவாயுக் குழாய் பதிக்க வந்தபோது வழி தெரிந்தது. திருப்பூர், ஈரோடு உள்ளிட்ட மேற்கு மாவட்டத் தோட்டங்களில் போலீஸ் பாதுகாப்போடு ஜே.சி.பி. இறங்கியது. எந்த வேலிக்குள், எந்தக் கிணற்று மேட்டில் குழாய் போகும் என்று அங்குலம் அங்குலமாகத் தெரிந்தது. 1962ஆம் ஆண்டுக் குழாய்ச் சட்டப்படி நிலம் உழவனுடையதாகவே இருக்கும், நில மதிப்பில் 10 சதவீதம் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அந்தக் கீற்றில் மரம் வைக்கக்கூடாது, வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது. சொத்து என்பதன் புது இலக்கணம் இது: வரி நீ கட்டு, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகழூருக்கு உயர் மின்னழுத்தக் கம்பி இழுத்தபோதும் வழி தெரிந்தது. வெள்ளைக்காரன் 1885இல் தந்திக் கம்பிக்கு எழுதி வைத்த சட்டத்தின் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். மறித்து நின்ற விவசாயிகளை அப்புறப்படுத்த வேனும் வந்தது, லத்தியும் வந்தது. டவருக்குக் காவல் நிற்க ஆள் கிடைத்தது. டவருக்குப் பக்கத்துச் சாளையில் படுத்திருக்கும் ஆத்தாளுக்குக் காவல் நிற்கத்தான் ஆள் பற்றாக்குறை.

சாயத் தண்ணிக்கும் வழி தெரிந்தது. 1992இல் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலுக்கு அணை கட்டினார்கள். பாசனத்துக்கு என்றார்கள். தேங்கியது திருப்பூர்ச் சாயக்கழிவு. அணை வேண்டும் என்று கேட்ட அதே விவசாயிகள், தண்ணியைத் தேக்காதே என்று கோர்ட்டுக்குப் போனார்கள். உலகத்தில் இந்த வரம் வாங்கிய ஊர் அதிகம் இருக்காது. 2004இல் 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.79 கோடி ரூபாய் இழப்பீடு என்று தீர்மானித்தார்கள். வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சராசரி 9,000 ரூபாய்கூட வராது. கெட்டுப்போன கிணற்றுக்கும் கருகிய தென்னைக்கும் அரசாங்கக் கணக்கில் அதுதான் விலை. 2011 ஜனவரி 28இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை இரண்டு பெரிய கட்சிகளும் மாறி மாறி ஆண்டன. சாயத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டதில் மட்டும் இரண்டுக்கும் ஒற்றுமை இருந்தது.

அதே ஒற்றுமைதான் இன்றைக்கும். கொலை நடந்தால் எதிர்க்கட்சிக்குச் சட்டம் ஒழுங்கு சந்தி சிரிக்கும், ஆளுங்கட்சிக்கு அது தனிப்பட்ட குற்றச் சம்பவம். நாற்காலி மாறினால் வசனத்தை மாற்றிக்கொள்வார்கள். செத்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எடுத்த போட்டோ மட்டும் இருவரிடமும் பத்திரமாக இருக்கும்.

ஓட்டுச் சீட்டு ஒவ்வொரு சாளைக்கும் வந்து சேர்கிறது. இட்டேரிக் கடைசியில், கிளுவை வேலிக்கு உள்ளே, நடக்க முடியாத அப்புச்சியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போக ஆட்டோவே வருகிறது. அப்படியானால் பாதை இருக்கிறது. வண்டி போகிறது. ஆளும் இருக்கிறார்கள். இல்லாதது அக்கறை.

ஆகவே அடுத்த கிராமசபையில் குடிநீர்த் தீர்மானத்துக்கு முன்னால் மூன்று கேள்வி எழுதுங்கள். போன மூன்று மாதத்தில் நம் ஊர்த் தோட்டங்களுக்கு ரோந்து எத்தனை இரவு வந்தது, யார் வந்தார்கள், ரோந்துப் புத்தகத்தைக் காட்டுங்கள். நம் ஸ்டேஷனில் இருக்க வேண்டிய காவலர் எத்தனை, இருப்பவர் எத்தனை. ஊருக்கு வெளியே இருக்கும் டாஸ்மாக் கடையை எப்போது மூடுவீர்கள். பதில் எழுத்தில் வரும்வரை ஜமக்காளத்தை மடிக்காதீர்கள். கேமரா வாங்கச் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் உயிரையும் உடைமையையும் காப்பதற்கென்று வரி வாங்குகிற அரசு, அந்த வேலையை நாயிடம் ஒப்படைத்துவிட்டுச் சம்பளத்தைத் தான் வாங்கிக்கொண்டு போவதை மட்டும் இனிமேல் அனுமதிக்காதீர்கள்.