நாடகம் படிக்க எந்தக் கல்லூரி?

பிளஸ் டூ முடித்த அக்கா மகன், "மாமா, நாடகம் படிக்கப் போறேன்" என்றான். அக்கா கையிலிருந்த காபி டபராவில் தளும்பியது.

டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் 3 ஆண்டுப் படிப்பு. ஆனால் சேரவே ஒரு பட்டம் வேண்டும். குறைந்தது 6 நாடகங்களில் பங்கேற்றிருக்கவும் வேண்டும். நீந்தத் தெரிந்தவனுக்கே குளத்தில் இடம்!

"பாண்டிச்சேரி?"

அங்கே பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயர். 1922-ல் மறைந்த அவர் எந்த நாடகக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டவரல்ல. சிறுவர்களை வைத்து நாடகக் கம்பெனி நடத்தியவர்.

கடைசியில் பையன் இன்ஜினீயரிங்கில் சேர்ந்தான். "எனக்குப் பிடிச்சுத்தான் சேர்ந்தேன்" என்று சொந்தக்காரர்களிடம் சிரித்த முகமாகச் சொல்கிறான்.

பட்டத்துக்கு நாலு வருஷம் ஆகும். ஆறில் ஒரு நாடகம் இப்போதே ஆயிற்று.