கமலி பின்னிய ஸ்வெட்டர்

திருப்பூர் முதலிபாளையம் சிட்கோ பக்கம் ‘காதல் கோட்டை’ பற்றிப் பேச்செடுத்தால், அஜித்தும் தேவயானியும் சேர்ந்த கதையில் யாருக்கும் அவ்வளவு அக்கறையில்லை. அக்கறையெல்லாம் அந்த ஸ்வெட்டர் மேல்தான்.

சூர்யாவை முகம் பாராமல் கடிதத்திலேயே காதலித்த கமலி, தன் கையால் ஒரு ஸ்வெட்டர் பின்னி அனுப்புகிறாள். கடைசியில் ரயில் நகரும்போது பிளாட்பாரத்தில் நிற்பவன் உடம்பில் அதைப் பார்த்துவிட்டு இறங்கி ஓடுகிறாள். 1996இல் வந்த இந்தப் படத்துக்கு அகத்தியன் சிறந்த இயக்குநர், சிறந்த திரைக்கதை என இரண்டு தேசிய விருது வாங்கினார். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தே கண்ணாடி போட்டுக்கொண்ட ஓர் அக்காவின் தீர்ப்பு வேறு: “ஒத்தப் பீஸு, அதனால கண்டுபுடிச்சுப்போட்டா. நம்ம லைன்ல ஓடுன மாடலா இருந்திருந்தா, பாதி ஸ்டேஷன் சூர்யாவா நின்னிருக்குமுங்க!”

நியாயம்தான். இங்கே ஓர் ஆர்டர் என்றாலே ஆயிரக்கணக்கில்தான் பேச்சு. தோள் சேர்ப்பது ஓர் ஓவர்லாக் டெய்லர், கை மடித்து அடிப்பது ஒரு பிளாட்லாக் டெய்லர், நூல் பிசிறு வெட்டுவது இன்னொரு கை. தான் தைத்த பீஸைத் தைத்தவராலேயே அடையாளம் காட்ட முடியாது, காதலி எம்மாத்திரம்?

‘96’ படத்தையும் இந்த ஊர் இப்படித்தான் பார்க்கும். 2018இல் தமிழ்நாடே அழுத கட்டம் அது. ஜானுவை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த ராம், அவள் விட்டுப்போன உடையை மடித்துப் பெட்டிக்குள் வைக்கிறான். பேக்கிங் செக்‌ஷன் ஆட்களின் கண்ணில் முதலில் படுவது மடிப்புத்தான். பாலி பேக் இல்லை, ஈரம் வாங்க ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம்கூட இல்லை. விஜய் சேதுபதியின் நடிப்பில் குறையே கிடையாது. ஆனால் துணி அடுத்த மழைக்காலத்தைத் தாண்டாது.

‘மூன்றாம் பிறை’க்கு மட்டும் ஊர் அடங்கிவிடும். மெஷின் ஓரத்து ஸ்பீக்கரில் ‘கண்ணே கலைமானே’ வந்தால் சூப்பர்வைசரே சத்தம் போடமாட்டார். கேத்தி ஸ்டேஷனில் கமல் குட்டிக்கரணம் போட்டும் ஸ்ரீதேவிக்கு அடையாளம் தெரியாமல் போன கதைக்கு, அந்தச் செக்கிங் அக்காவிடமும் தீர்ப்பு இல்லை.

தமிழ் சினிமாவுக்குப் பிரிய வேண்டுமென்றால் ரயில் வேண்டும். ‘மௌன ராக’த்தில் (1986) மோகன் ஓடி வந்து ஏறிச் சங்கிலியை இழுத்தார். காரணமில்லாமல் இழுத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது ரயில்வே சட்டம். ரேவதி திரும்பக் கிடைப்பார் என்றால் ஆயிரம் ரூபாய் மலிவுதான்.

திருப்பூர் ஸ்டேஷனில் அதற்கெல்லாம் நேரமில்லை. ஆலப்புழையிலிருந்து தன்பாத் போகிற எக்ஸ்பிரஸ் சில நிமிடமே நிற்கும். தீபாவளி, ஹோலி நேரத்தில் ஒடிசாவுக்கும் ஜார்க்கண்டுக்கும் போகிறவர்கள் முன்பதிவில்லாப் பெட்டியின் கதவிலேயே தொங்குவார்கள். வழியனுப்ப வந்தவர்களுக்குச் சார்ஜர் எடுத்தாயா, கட்டுச்சோறு எங்கே என்று கேட்கவே நேரம் போதாது. கண்ணீருக்கு எங்கே போவது?

அந்தப் பெட்டியில் கமலி ஏறியிருந்தால், ஸ்வெட்டரைப் பார்த்துக் கூட்டத்தை விலக்கிக் கதவை எட்டுவதற்குள் ஈரோடு வந்துவிடும். அங்கே இறங்கி அடுத்த வண்டி பிடித்துத் திரும்பினால், சூர்யா நைட் ஷிப்டுக்குப் போயிருப்பான்.