உல்லாசக் கப்பலில் கட்டுச்சாப்பாடு: ஓர் அடுக்கியல் ஆய்வு

முன்னுரை

சிங்கப்பூரில் புறப்பட்டு பினாங்கு, புக்கெட் என்று சுற்றிவிட்டுத் திரும்பும் உல்லாசக் கப்பல்களில் தமிழ்க் குடும்பங்கள் ஏறத் தொடங்கி வெகுகாலமாகிறது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே அப்படியொரு கப்பல் கிளம்பத் தொடங்கியது. இக்கப்பல்களில் விடிகாலை முதல் நள்ளிரவு வரை ஏதாவது ஒரு தளத்தில் யாராவது எதையாவது பரிமாறிக்கொண்டே இருக்கிறார்கள். சாப்பாட்டுக்கான பணத்தை டிக்கெட்டோடு சேர்த்து முன்கூட்டியே வாங்கியும்விடுகிறார்கள். இருந்தும், ஏறுகிற ஒவ்வொரு குடும்பமும் ஒரு பை நிறைய முறுக்கோடுதான் ஏறுகிறது. இந்த முரண்பாட்டுக்கு இன்னும் ஒரு முனைவர் பட்டம்கூட வழங்கப்படாதது வியப்பளிக்கிறது. முறுக்கைவிட நொறுங்கிப்போன தலைப்புகளுக்கெல்லாம் வழங்கியிருக்கிறோம்.

ஆய்வு எல்லை

பெட்டியை மூடுவது தொடங்கி, பெட்டியைத் திறப்பது வரை. அதன்பின் நடப்பவை சலவையியலின்பாற்படும்.

கருதுகோள்

‘கப்பலில் நமக்கு எதுவும் கிடைக்காது’ என்பது கருதுகோள். இது பொய் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கருதுகோளை முதல் பக்கத்தில் எழுதி, அது மெய்ப்பிக்கப்பட்டது என்று கடைசிப் பக்கத்தில் எழுதுவதே நம் ஆய்வு மரபு. நடுப்பக்கங்கள் தட்டச்சு செய்பவரின் பொறுப்பு.

முந்தைய ஆய்வுகள்

தமிழில் எந்த ஆய்வும் தொல்காப்பியத்தில் தொடங்கியாக வேண்டும். கடற்பயணம் பெண்ணோடு செல்வதில்லை என்று அதன் பொருளதிகாரம் ஒரு நூற்பாவில் விதிக்கிறது. அப்படியென்றால் கடலோடிய தமிழனுக்குக் கட்டுச்சோறு கட்டித் தந்தது யார், கரையில் நின்று தந்தாளா, அதில் ஊறுகாய் இருந்ததா ஆகிய வினாக்களை உரையாசிரியர்கள் எழுப்பவில்லை. அவர்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு வந்துகொண்டிருந்தது போலும்.

மேலைநாட்டில் இத்துறையின் முன்னோடி ஜேம்ஸ் லிண்ட். 1747இல் ‘சாலிஸ்பரி’ என்ற போர்க்கப்பலில், ஸ்கர்வி நோயால் பல் ஆடிக்கொண்டிருந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஜோடிக்கொரு வைத்தியம் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் ஒரு வாரத்துக்குள் எழுந்து நடமாடினார்கள். 1753இல் இதைத் தடிமனான நூலாக வெளியிட்டார். அதில் மாலுமிகளைக் காப்பாற்றிய சோதனைக்குச் சில பத்திகள்தாம். மிச்சமெல்லாம் இதுபற்றிப் பிற அறிஞர்கள் என்ன சொன்னார்கள் என்பது. ஆகவே கப்பற்படை எலுமிச்சைச் சாறு கொடுக்க 1795 வரை ஆயிற்று. நம் பாட்டிமார் எலுமிச்சை ஊறுகாயை எந்த நூலும் எழுதாமல் ஜாடியில் போட்டு வைத்தார்கள். மேற்கோள் எண்ணிக்கையில் அவர்கள் பின்தங்கியதற்கு இதுவே காரணம்.

அடுத்து ரஜூலா. 1926இல் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடிய கப்பல். அதன் தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்களுக்குக் கட்டுச்சாப்பாடு தேவையாக இருந்தது. தேவை இருந்த காலத்தை ஆராய்வது எளிது என்பதால் விட்டுவிடுகிறோம்.

முதன்மை ஆதாரம்

நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே மூலம், நாட்காட்டித் தாளின் பின்புறம் நீல மையில் எழுதிய ‘எடுத்து வைக்க வேண்டியவை’ என்ற சீட்டு. இதில் ‘மைசூர்பாகு கால் கிலோ’ என்னும் வரி மட்டும் பச்சை மையில், வேறு கையெழுத்தில் இருக்கிறது. இது இடைச்செருகல். குடும்பத் தலைவருக்குச் சர்க்கரை இருப்பது அகச்சான்று. அவர் சட்டைப் பையில் பச்சைப் பேனா இருப்பது புறச்சான்று. சீட்டுக்கு இரண்டு உரைகள் உள்ளன: அம்மா உரை (சமையலறை, காலை), பெரியத்தை உரை (தொலைபேசி, இரண்டாம் அழைப்பு, முதல் அழைப்பின்போது சீரியல் ஓடிக்கொண்டிருந்ததால் அப்பகுதி சிதைந்துள்ளது).

வகைப்பாடு

இஞ்சி மரப்பா: ஏற்கப்பட்டது. வயிற்றைப் புரட்டினால் உதவும்.

கடலை மிட்டாய்: கப்பலைப் பிடிக்க விமானம் ஏறுமுன்பே தீர்ந்துபோவதால் இவ்வாய்வின் எல்லைக்குள் வரவில்லை.

கொப்பரை: அபாயப் பொருள்களின் பன்னாட்டுப் பட்டியலில் ஐ.நா. எண் 1363. தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால் பெட்டியில் வைக்கக் கூடாது. பெரியத்தை இதை நம்ப மறுக்கிறார் (மேலது, குரலை உயர்த்திய பகுதி).

தயிர்சாதம்: சோற்றில் பாலை நிறைய ஊற்றிப் பேருக்கு ஒரு கரண்டித் தயிர் சேர்த்துக் கட்டினால், பிரிக்கும்போது தயிர்சாதமாகியிருக்கும். வழியில் உண்ண வேண்டியது. கப்பலேறும் வரை வைத்திருந்தால் வேறு துறையினர் ஆய்வுக்கு எடுத்துக்கொள்வார்கள்.

புளியோதரை: புளிப்பும் எண்ணெயும் காப்பதால் தயிர்சாதத்தைவிட அதிக நேரம் தாங்கும். இது பற்றி இரண்டாம் கருத்து இல்லை. ஆகவே இங்கு ஆய்வுக்கு இடமும் இல்லை.

முறுக்கு: ஈரம் இல்லாததால் கெடாது, அதே காரணத்தால் உடையும். பல கப்பல் நிறுவனங்கள் வீட்டில் செய்த தின்பண்டத்தை ஏற்பதில்லை; கடையில் வாங்கிப் பிரிக்காத பாக்கெட்டை மட்டுமே அனுமதிக்கின்றன. எனவே வீட்டு முறுக்கைக் கடை உறைக்குள் போட்டு மெழுகுவத்தியில் ஒட்டும் வழக்கம் தோன்றியிருக்கிறது. அட்டையில் ஒருவர் பெயர், உள்ளே இன்னொருவர் உழைப்பு. நெறியாளர்களோடு பழகியவர்களுக்கு இதில் புதுமை ஏதும் தெரியாது.

ஊறுகாய்ப் பொதியின் அடுக்கியல்

இதுவே ஆய்வின் தலையாய பகுதி. ஓர் ஆவக்காய் பாட்டில், கப்பல் அறைக் கட்டிலின்மேல், குடும்பத்தார் முன்னிலையில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. வெளியிலிருந்து உள்ளே அதன் அடுக்குகள் வருமாறு:

அடுக்கு 1: தேங்காய்ப்பூத் துண்டு. கறை இல்லை.
அடுக்கு 2: ஜவுளிக்கடைப் பை. வாயில் முடிச்சு, அவிழாத வகை.
அடுக்கு 3: நாளிதழ்.
அடுக்கு 4: இன்னொரு பை, ரப்பர் பேண்டுகளுடன்.
அடுக்கு 5: இன்னொரு நாளிதழ்.
அடுக்கு 6: மூடிக்கும் பாட்டிலுக்கும் இடையே செருகிய பிளாஸ்டிக் தாள்.
அடுக்கு 7: ஊறுகாய்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அடுக்கு 3இல் உள்ள நாளிதழ் பயணத்துக்கு முந்தைய வாரத்தது. அடுக்கு 5இலோ முந்தைய ஆண்டுத் தீபாவளித் தள்ளுபடி விளம்பரம். இதிலிருந்து இரு பள்ளிகள் தோன்றின. பழைய தாள் பரணில் கிடந்தது, கைக்குக் கிடைத்ததைச் சுற்றினார்கள் என்பது பரண் பள்ளி. இக்கருத்து எளிமையானது, எனவே வலுவற்றது. மற்றது மீள்பயணப் பள்ளி. அதன்படி இந்தப் பாட்டில் முந்தைய ஆண்டே வேறொரு பயணத்துக்காகக் கட்டப்பட்டது. அங்கே யாரும் பிரிக்காமல் அப்படியே வீடு திரும்பியது. மேலே ஒரு தாளும் பையும் சுற்றப்பட்டு மறுபடி கிளம்பியது. இது உண்மையென்றால் ஊறுகாயைத் தின்பதற்காக எடுத்துப்போகிறார்கள் என்ற அடிப்படையே ஆட்டம் காண்கிறது. ஊறுகாய் உணவு இல்லை, சகபயணி.

பரண் பள்ளியின் மறுப்பு கடுமையானது (அம்மா, ‘போதும் நிறுத்து’, தோசைக்கல் முன் ஆற்றிய உரை; திருப்பி எடுத்த தோசையின் மறுபுறம் பார்க்க). இதற்கு மீள்பயணப் பள்ளி அளித்த விடை அதனினும் விரிவானது (பெரியத்தை, மூன்றாம் அழைப்பு, அதில் சின்ன மாமியார் பற்றிய பகுதிக்கும் வங்கி லாக்கர் பற்றிய பகுதிக்கும் இடையே வரும் பெருமூச்சு, அப்பெருமூச்சின் நீளத்தை ஆய்ந்த சித்தப்பாவின் குறிப்பு, திருமண அழைப்பிதழ் உறை, பின்பக்கம், காபிக் கறைக்குத் தென்மேற்கே). காலத்தை முடிவு செய்ய ஊறுகாய்த் துண்டு ஒன்றைக் கரிமக் கணிப்புக்கு அனுப்ப எண்ணினோம். ஆய்வகம் கூடவே தயிர்சாதமும் கேட்கும் என்று அஞ்சிக் கைவிட்டோம். ஒரே ஒரு பானை ஓட்டை வைத்து ஒரு பேரரசின் எல்லைக்கோட்டை வரைந்தவர்கள் இருக்கும் நாட்டில் இரண்டு நாளிதழ்கள் தாராளமான சான்று.

இரண்டாம் சிக்கல் எண்ணெய். அடுக்கு 1இல் கறை இல்லை என்று குறித்தோம். ஆனால் அதற்கும் வெளியே மடித்து வைத்திருந்த பட்டுப்புடவையில் கறை இருந்தது. துண்டைத் தொடாமல் எண்ணெய் புடவைக்குப் போனது எப்படி? ஒப்பிலக்கியத் துறையினர் இதற்குத் திணறமாட்டார்கள். ஒன்றையொன்று பார்த்தே இராத இரண்டு நூல்களுக்கு நடுவே ‘செல்வாக்கு’ பாய்வதை அவர்கள் நாள்தோறும் நிறுவுகிறார்கள். இயற்பியலார் சொல்லும் விளக்கமும் ஒன்று உண்டு: விமானம் உயரே போகும்போது சுற்றியுள்ள காற்றழுத்தம் குறைய, பாட்டிலுக்குள் அடைபட்ட காற்று விரிந்து எண்ணெயை மூடி வழியே வெளியே தள்ளுகிறது, காற்றுக்கு இடம் விடாமல் கழுத்துவரை நிரப்பினால் கசிவு குறையும். இவ்விளக்கம் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுவதால் கருத்தரங்கில் வாசிக்கத் தகுதியற்றது என்று நிராகரிக்கப்பட்டது. அக்கருத்தரங்கு பன்னாட்டுக் கருத்தரங்கு. சிங்கப்பூரிலிருந்து ஒரு மைத்துனர் காணொளியில் தலை காட்டினார்.

பானங்கள்

நீர்மோர்: வேண்டாம்.

குளிர்பானம்: நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும். கார்னிவல் கப்பல்களில் மது அல்லாத பானம் ஆளுக்கு 12 டப்பா, ஒவ்வொன்றும் 355 மில்லிலிட்டருக்கு மேற்படாமல், ஏறும் நாளன்று கைப்பையில் கொண்டுவரலாம். பாட்டில் கூடாது; தண்ணீர் பாட்டிலும் கூடாது. தண்ணீர் நிறத்தில் வேறு சிலவும் இருப்பதை அவர்கள் அனுபவத்தில் கற்றிருக்கிறார்கள்.

டிகாக்‌ஷன்: இது திரவமா, உணர்வா என்பதில் தமிழர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. விமான நிலையத்தாருக்கு இல்லை. கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் பொதுவாகப் போகாது. அந்த அளவுக்குள் அடைத்துக் கப்பல் வரை கொண்டுசேர்த்தாலும் பாலைக் காய்ச்ச வழியில்லை. காரணம், மின்கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர், வாளியில் போடும் ஹீட்டர் ஆகிய சூடேறும் கருவிகளைப் பெரும்பாலான கப்பல்கள் தடை செய்கின்றன. நடுக்கடலில் தீப்பிடித்தால் இறங்கி ஓடத் தெரு இல்லை. ஏறும்போதே ஸ்கேன் செய்து கெட்டிலை எடுத்து வைத்துக்கொண்டு, திரும்பும்போது தருவார்கள். அந்த மேசையில் வரிசையாக நிற்கும் கெட்டில்கள் எந்தெந்த ஊரிலிருந்து வந்தவை என்பது தனி ஆய்வுக்கு உரியது. அதற்கு நிதி கோரியுள்ளோம்.

இலக்கியச் சான்று

அள்ள அள்ளக் குறையாத சோற்றுப் பாத்திரத்தோடு கப்பலேறிய ஒருவரை மணிமேகலை நமக்குக் காட்டுகிறது. அவர் ஆபுத்திரன். சாவக நாட்டுப் பஞ்சம் தீர்க்க அமுதசுரபியோடு புறப்பட்டார். வழியில் மணிபல்லவத்தில் கப்பல் நின்றபோது இறங்கினார். அவர் ஏறிவிட்டதாக எண்ணிக் கப்பல் இரவோடு இரவாகப் போய்விட்டது. ஊட்டுவதற்கு ஆளில்லாத தீவில் தாம் ஒருவர் மட்டும் உண்டு வாழ மனம் ஒப்பாமல், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் இருந்து உயிர் நீத்தார். இக்கதையின் தத்துவப் பொருளைப் பலர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கப்பல் கிளம்பும் நேரத்தைக் கேட்டுவிட்டு இறங்கியிருக்கலாமே என்று அவர்களில் ஒருவரும் எழுதியதாகத் தெரியவில்லை.

முடிவுரை

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது.

இனி, பட்டம் வேண்டாத வாசகருக்கு. உங்கள் கப்பலின் உணவு விதியைப் பெட்டி கட்டுமுன் படித்துவிடுங்கள். பிரிக்காத பாக்கெட், பருப்புப் பொடி, இஞ்சி மரப்பா போதும். ஊறுகாய் சரக்குப் பெட்டியில் போகட்டும், புடவை வேறு பெட்டியில் போகட்டும். கெட்டிலை வீட்டிலேயே விடுங்கள். இடைத் துறைமுகத்தில் இறங்கினால், திரும்பச் சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே வந்து ஏறிக்கொள்ளுங்கள். நேரம் தவறியவருக்காகக் கப்பல் நிற்காது. அடுத்த துறைமுகம் வரை சொந்தச் செலவில்தான் போக வேண்டும். அப்போது முறுக்குப் பை கப்பலில் இருக்கும், நீங்கள் கரையில் இருப்பீர்கள்.