அருள்மிகு விசிறீஸ்வரர் தேவஸ்தானத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, மின்விசிறிக் கம்பெனி. (திருநாமத்தை எழுதினால் தெய்வக் குத்தம் ஆகிவிடும்.)

மகா கனம் பொருந்திய ஐயாமார்களே, அம்மாமார்களே,

நேற்று மாலை உங்கள் சர்வீஸ் ஆள் என் வீட்டுக்கு எழுந்தருளினார். ஓடாமல் நின்றுபோன ஃபேனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேராக சுவிட்ச் போர்டுக்குப் போனார். ரெகுலேட்டர் 3-இல் நிற்பதைப் போட்டோ எடுத்தார். "யாரு சார் இதைத் திருப்பினது?" என்றார். பேத்தியைப் பார்க்க மன்னார்குடியிலிருந்து வந்திருந்த என் மாமனார், 76 வயது, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், "நான்தான் தம்பி. காத்து ரொம்ப வேகமா வந்துது, கொழந்த தூங்கிட்டிருந்தா, கொஞ்சம் கொறைச்சேன்" என்றார். அவ்வளவுதான், வாக்குமூலம் கிடைத்துவிட்டது. 'காரணம்: வீட்டுப் பெரியவர் ரெகுலேட்டரை இயக்கியது. வாடிக்கையாளர் தவறு. வாரண்டி பொருந்தாது' என்று படிவத்தில் எழுதி, கீழே மாமனாரிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஊரார் பிள்ளைகளின் மார்க் ஷீட்டில் காலமெல்லாம் கையெழுத்துப் போட்டவர், தன்மேல் எழுதிய குற்றப்பத்திரிகையில் போட்டுக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "எவ்வளவு ஆகும் மாப்ள? நான் குடுத்துடறேன்" என்றார்.

இந்த விசாரணையின் நேர்த்தியைப் பாராட்டத்தான் இந்தக் கடிதம்.

விசிறீஸ்வரர் எங்கள் ஹாலில் பிரதிஷ்டையான கதை தங்களுக்கு நினைவிருக்காது, பக்தர்கள் ஏராளம். பழைய ஃபேன் 75 வாட் இழுத்தது. சுவாமி 28 வாட் நைவேத்தியத்தோடு திருப்தியடைகிறார் என்று கடைக்காரர் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 40 யூனிட்டுக்கு மேல் மிச்சம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் தரும் மாநிலத்தில் 40 யூனிட் என்பது பெரிய புண்ணியம். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம் என்று அரசாங்கமும் சொல்லிவிட்டது. சுவாமியின் நெற்றியில் ஐந்து நட்சத்திரம். வாங்கிவிட்டேன்.

பிரதிஷ்டை செய்ய வந்தவரும் தங்கள் அர்ச்சகர்தான். பழைய ஃபேனைக் கழற்றினார், டவுன்ராடை மாட்டினார், கொக்கியில் தொங்கவிட்டார், இரண்டு வயரைக் கொடுத்தார். "போர்டுல ரெகுலேட்டர் இருக்கே?" என்று கேட்டேன். "அஞ்சுல வெச்சுட்டேன் சார், ஒண்ணும் ஆகாது. யாரும் தொடாமப் பாத்துக்குங்க." "அதை பைபாஸ் பண்ணிடலாமே?" "வயரிங் எங்க ஸ்கோப்ல வராது சார்."

அந்த வாக்கியத்தை நான் அப்போது முழுசாக ரசிக்கவில்லை. இப்போது ரசிக்கிறேன். ஃபேன் என்ன, செல்லில் ஓடுகிற கடிகாரமா, வயரிங் வேலை வேறு, ஃபேன் வேலை வேறு என்று பிரிக்க?

தாங்கள் அறியாதது இல்லை, இருந்தாலும் சந்நிதியில் ஒருமுறை ஒப்பிக்கிறேன். நம் ஊர் வீடுகளில் ஃபேனுக்குப் போகிற பேஸ் லைன் சுவிட்ச் வழியாக வந்து, ரெகுலேட்டர் வழியாகப் போய், அப்புறம்தான் கூரைக்கு ஏறுகிறது. எங்கள் வீட்டில் இருந்த மாதிரி எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வேகத்தைக் குறைப்பதற்காகக் கரண்டின் ஒவ்வொரு அலையிலும் ஒரு துண்டை நறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தை அனுப்பும். பழைய ஃபேன் கொடுத்ததைத் தின்று, குறைவாகக் கொடுத்தால் மெதுவாகச் சுற்றியது. விசிறீஸ்வரர் அப்படியில்லை. அவர் தலைக்குள்ளே ஒரு போர்டு. அது 230 வோல்ட்டை வாங்கி, டி.சி. ஆக்கி, எவ்வளவு வேகம் என்பதைத் தானே முடிவு செய்யும். நறுக்கின கரண்டைக் கொடுத்தால் அதற்கு ஆகாது. முனகும், விக்கும், சின்ன லைட் மினுக்கும், ஒருநாள் நடை சாத்திவிடும். எங்கள் வீட்டில் ஒரே ராத்திரியில் சாத்திவிட்டது.

சரி, உங்கள் சாமிக்கு ஆகாததை எங்கள் வீட்டில் யார் வைத்தது? நீங்கள் வருவதற்குப் பல வருஷம் முன்பே இந்த நாட்டில் ஃபேன் பாயின்ட் என்றால் பக்கத்தில் ஒரு திருகு உண்டு. பட்டணத்து அபார்ட்மென்ட்டிலும் உண்டு, மன்னார்குடி ஓட்டு வீட்டிலும் உண்டு. ஒரு மனுஷன் காற்று அதிகமாக இருந்தால் அந்தத் திருகைத் திருப்புவான். அதற்காகத்தானே அது சுவரில் இருக்கிறது? பேத்தி தூங்கட்டும் என்று திருப்பின ஒரு பெரியவரைக் குற்றவாளியாக்கிக் கையெழுத்து வாங்க உங்களுக்கு எங்கிருந்து வருகிறது துணிச்சல்? 'ரெகுலேட்டரை நீக்கவும்' என்று எட்டாம் பக்கத்தில் எறும்பு எழுத்தில், அதுவும் இங்கிலீஷிலும் இந்தியிலும் அச்சடித்துவிட்டு, நீக்க வேண்டிய ஆளை அனுப்பி, நீக்காமல் திரும்பி வரச் சொன்னது யார்? அது எந்தப் படிவத்தில் எழுதியிருக்கிறது?

க்ஷமிக்க வேண்டும். சந்நிதியில் குரலை உயர்த்தக் கூடாது.

'சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான்' என்பார்கள். எங்கள் தெருவில் கரண்டு என்கிற சாமி இப்போதெல்லாம் ஓரளவு வரம் கொடுக்கிறது. பூசாரி, அதாவது தங்கள் ரிமோட், விஷயம் வேறு. அவருக்கு நேர் தரிசனம் வேண்டும். நடுவில் கொசுவலை மடிப்பு, பரண் விளிம்பு, மாமியார் உலர்த்தின புடவை, எது வந்தாலும் உத்தரவு மேலே போகாது. திருப்புன்கூரில் நந்தனாருக்காக நந்தி விலகியது. எங்கள் வீட்டுப் பரண் கான்கிரீட், விலகாது. எனவே வீட்டில் உள்ளவர்கள் கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து, கையை உச்சிக்குத் தூக்கி, கூரையைப் பார்த்து வேண்டிக்கொள்கிறோம். ரிமோட் ஒருநாள் பேசவில்லை என்று தங்கள் சேவை எண்ணைக் கூப்பிட்டேன். "மொபைல் கேமரா வழியா ரிமோட் முனையைப் பாருங்க சார், ஊதா லைட் தெரியுதா?" என்று ஒரு பெண் அன்பாகக் கேட்டார். பார்த்தேன். சின்னதாக ஊதா நிறத்தில் ஒரு ஜோதி. உண்மையிலேயே மெய்சிலிர்த்துவிட்டது. ஃபேன் மட்டும் சுற்றவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, யாரோ சுவரில் சுவிட்சை அணைத்திருக்கிறார்கள். அறையை விட்டுப் போகும்போது சுவிட்சை அணை என்று எங்களை அடித்து வளர்த்திருக்கிறார்கள். ஜோதி தெரிந்து என்ன, கோயிலுக்குள் கரண்டு இல்லையே.

பெட்ரூமிலும் இதே சுவாமியின் இன்னொரு விக்கிரகம் இருப்பதால், கதவு திறந்திருந்தால் ஒரு ரிமோட்டுக்கு இருவரும் சேர்ந்து அருள்பாலிக்கிறார்கள். இதைப் பற்றிப் புகார் இல்லை. ஒரு டிக்கெட்டில் ரெண்டு தரிசனம்.

சுவிட்சை அணைத்து உடனே போட்டால் வேகம் மாறும் என்ற ரகசிய மந்திரத்தையும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் உபதேசித்திருக்கிறீர்கள். ரிமோட் சோபா இடுக்கில் சமாதியாகும் நாட்களில் அது உதவுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் ஹாலில் டக், டக், டக் என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் இப்போது பயப்படுவதில்லை. "பூஜை நடக்குது" என்று புரண்டு படுத்துவிடுகிறார்.

நேற்று தங்கள் ஆள் போன பிறகு தெருமுனை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வாயில் ஸ்குரூவைக் கவ்விக்கொண்டு போர்டின் முகத்தகட்டைக் கழற்றினார். உள்ளே ஒட்டடை, பல்லி முட்டை ஓடு, பழைய வயரிங்காரர் எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பில் இழுத்துவிட்ட வயர்கள். மெயினை அணைத்துவிட்டு, ரெகுலேட்டரின் பின்னால் இருந்த இரண்டு வயரையும் கழற்றினார். நுனியைப் பல்லால் உரித்தார் (நான் தடுத்தேன், கேட்கவில்லை), இரண்டையும் சேர்த்து முறுக்கினார், டேப் சுற்றினார், உள்ளே தள்ளினார். ரெகுலேட்டரை என் கையில் வைத்து, "இதையா சார் அவங்க செய்ய மாட்டேன்னாங்க?" என்றார். திருகு இருந்த இடத்தில் இப்போது ஒரு ஓட்டை. குழந்தை விரலை விடாமல் இருக்க அட்டை வைத்து ஒட்டியிருக்கிறேன்.

ஃபேன் ஓடவில்லை. தலைக்குள் போர்டு போய்விட்டது. அதற்குத் தாங்கள் நிர்ணயித்திருக்கும் காணிக்கை 1,850 ரூபாய். வந்து பார்த்ததற்கான தட்சிணை தனி.

தேவஸ்தானத்தின் பெருந்தன்மைக்கு எல்லை கிடையாது என்பதால் தைரியமாகக் கேட்கிறேன். ஃபேன் பெட்டிக்குள் ஸ்குரூ, கப், ரிமோட் மாட்டுகிற ஸ்டாண்டு எல்லாம் போடுகிறீர்கள். கூடவே ஓட்டையை மூட ஒரு டம்மி பிளேட்டும் போடலாம். மாட்ட வருகிறவர் ரெகுலேட்டரைக் கழற்றாமல் படி இறங்கக் கூடாது என்று ஓர் ஆகம விதி எழுதலாம். இன்னும் நல்லது, ரெகுலேட்டர் இருந்த இடத்திலேயே உட்காருகிற மாதிரி சுவாமிக்கு ஆகிற ஒரு திருகைச் செய்து கொடுக்கலாம். ரெகுலேட்டரோடு ஒத்துப்போகிற இதே ஜாதி ஃபேனை வேறு தேவஸ்தானங்கள் செய்து விற்கத்தான் விற்கின்றன. முடியாத காரியம் இல்லை. எட்டாம் பக்கத்தைத் தமிழில் அச்சடித்தால் சந்நிதியில் பொங்கல் வைக்கிறேன்.

புகாரை முடித்துவைக்க நாலு இலக்க ஓடிபி வேண்டும் என்று இன்று காலையிலிருந்து தங்கள் ஆள் போன் செய்துகொண்டே இருக்கிறார். ஓடிபி வந்திருக்கிறது, பத்திரமாக இருக்கிறது. ஒரு புது போர்டு, ஒரு டம்மி பிளேட், ஒரு தமிழ்ப் புத்தகம், அந்தப் படிவத்தை அடித்துத் திருத்த ஒரு பேனா, இந்த நாலையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். சாமானுக்கு ஓர் இலக்கமாகச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
வியர்வையில் நனைந்த பக்தன்