சட்டம் சம்மதம், கார் சம்மதமா?

கேள்வி: என்னிடம் கார் லைசென்ஸ் மட்டும்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் கேரவனை இழுத்துக்கொண்டு சுற்றுலா போகலாமா?
– வாசகி, லண்டன்

பதில்: தாராளமாக! 1997 முதல் லைசென்ஸ் வாங்கியவர்கள் பெரிய கேரவனை இழுக்கத் தனித் தேர்வில் ஓட்டிக்காட்ட வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அது இல்லை. இப்போது 3,500 கிலோ வரை இழுக்கலாம்.

அரசாங்கம் சரி என்றாலும் உங்கள் காரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காருக்கும் கேரவனுக்கும் சேர்த்து எவ்வளவு எடை தாங்கும் என்று அதன் தகட்டிலேயே பொறித்திருக்கும். அதை மீறினால் லைசென்ஸ் இருந்தும் குற்றம்தான். புதிதாக இழுப்பவர் என்றால், சாமான் ஏற்றிய கேரவன் காரின் வெற்று எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

அப்புறம், அரிசி மூட்டையையும் கிரைண்டரையும் பின்கோடியில் ஏற்றாதீர்கள், தயவுசெய்து! சக்கர அச்சுக்கு மேலே, தரையோடு வையுங்கள். பின்பாரம் கூடினால் கேரவன் பாம்பாக நெளியும். காரையும் சேர்த்து ஆட்டும். அப்படி ஆடினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். மோட்டார்வேயில் 60 மைல்தான் உச்சம். பின்னால் வருபவர் ஹாரன் அடித்தாலும் 60 மைல்தான்.