ரோஜாத் தண்டல்

ரந்தாவில் தமிழில் பெரட்டு, அதாவது காலை ஆள் கணக்கு, எடுக்கும் இடம் எனக்குத் தெரிந்து இப்போது ஒன்றுதான் மிச்சம். எங்கள் தமான் குடியிருப்பில், கடைசித் தெரு, கோடி வீடு. காலை ஆறு மணி. சிரம்பானுக்கு வேலைக்குப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பும் நேரம். அரைக்கால் சட்டை, கைவைத்த பனியன், நெற்றியில் ரப்பர் பால் வெட்டுக்காரர்கள் கட்டிக்கொள்ளும் விளக்கு. இந்தக் கோலத்தில் ஒருவர் வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்து நிற்பார். எதிரே 17 ரோஜாச் செடிகள், செம்பனை நாற்று வளர்க்கும் கறுப்புப் பைகளில், இரண்டு நிரையாக நிற்கும்.

"என்னா, ராத்திரி எல்லாம் ஒழுங்கா இருந்தீங்களா?"

செடிகள் பதில் சொல்வதில்லை. முப்பது வருஷம் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் தண்டலாக இருந்தவருக்கு அதுவே பெரிய நிம்மதி.

ஊரில் இவருக்கு ரோஜாத் தண்டல் என்று பெயர். இவர் ஒரே ஒரு ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். ரந்தாவிலிருந்து சிலியாவ் வரை, தோட்டத்தை விட்டு வந்து தமானில் குடியேறிய ஓய்வுக்காரர்கள் இருக்கும் தெருக்களில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். சிலர் ஆர்க்கிட்டில் விழுந்தார்கள், சிலர் புறாவில். ரோஜாவில் விழுந்தவர்களைத்தான் கையில் உள்ள கீறல்களை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். "அது முள்ளு இல்ல தம்பி. தோல்ல இருந்து கிளம்புறது. முள்ளுன்னா கட்டையில இருந்து வரணும்" என்று, ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே திருத்துவார் நம் தண்டல். தாவரவியல் அவர் பக்கம்தான். ரத்தம் என்னவோ முள் குத்தினால் வருவது போலத்தான் வரும்.

தண்டலிடம் ஒரு நீள நோட்டு உண்டு. தோட்டத்து வருகைப் பதிவேடான பழைய செக்ரோல் மாதிரி கோடு போட்டது. செடிகளுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். தலை நிமிர்ந்து துளிர் விட்டிருந்தால் ஒரு கோடு. இலை தொங்கினால் அரை நாள். இலையில் கறுப்புப் பொட்டு தெரிந்தால் 'எம்சி', அதாவது மருத்துவ விடுப்பு, என்று எழுதுவார். மழைக்காலத்தில் அந்த நோட்டைப் புரட்டினால் பக்கம் முழுக்க எம்சிதான். எந்தத் தோட்டத்திலும் இத்தனை பேருக்கு ஒரே நாளில் எம்சி கொடுத்திருக்க மாட்டார்கள்.

பாவம், அவர்மேலும் தப்பில்லை. ரோஜாவுக்குப் பிடித்தது ஆறு மணி நேர வெயில், குளிர்ந்த ராத்திரி, காய்ந்த இலை. ரந்தாவில் வெயில் இருக்கிறது. மற்ற இரண்டையும் கடையில் வாங்க முடியாது. கரும்புள்ளி நோயைப் பரப்பும் பூஞ்சைக்கு இலை ஏழு மணி நேரம் ஈரமாக இருந்தால் போதும், முளைத்துவிடும். சாயங்காலம் நாலு மணிக்கு அடிக்கிற மழை இலையிலிருந்து காய மறுநாள் பெரட்டு முடிந்துவிடும். தண்டல் இதை எங்கோ படித்துத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து வானத்தோடு சண்டை. இடி இடித்தால் மற்றவர்கள் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவார்கள். இவர் குடைகளோடு ஓடுவார். வீட்டிலிருந்த குடை அத்தனையும் செடிகளுக்குப் போய்விட, அவர் மனைவி மழையில் நனைந்துகொண்டு கடைக்குப் போனதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"ஏங்க, எனக்கு ஒண்ணு மிச்சம் வச்சிருக்கக் கூடாதா?"

"உனக்குக் கரும்புள்ளி வராது. போ."

முதல் செடி வந்த கதையைக் கேட்காமல் அவர் வீட்டுக் கேட்டைத் தாண்ட முடியாது. கேமரன் மலைக்குப் போகிற எவரும் கீழே இறங்கும்போது ஸ்ட்ராபெரி, தேயிலை, ஒரு ரோஜாச் செடி என்று மூன்றையும் காரில் ஏற்றிக்கொள்வது இந்த நாட்டு வழக்கம். ஸ்ட்ராபெரி தாப்பா வருவதற்குள் தீர்ந்துவிடும். தேயிலை ஒரு வருஷம் கிடக்கும். ரோஜா மூன்று வாரம். அங்கே 1,500 மீட்டர் உயரத்தில் கம்பளி போர்த்தாத குறையாக வளர்ந்தது, இங்கே வந்ததும் இருந்த பூவையெல்லாம் ஒரேயடியாகப் பூத்துக் காட்டிவிட்டு, இலையை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு, குச்சியாக நின்றது. "சீமையில இருந்து புதுசா வந்த சின்னத்துரை மாதிரி. முதல் வாரம் ஒரே விசில். மூணாவது வாரம் காய்ச்சல்" என்பார் தண்டல். மற்றவர்கள் அந்தக் குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிழைப்பைப் பார்த்தார்கள். இவர் அதை மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார்.

அவருக்கு ரோஜா என்றால் உயிர் என்று ஊரில் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்கு எதிரே நிரையாக ஆள் நிற்க வேண்டும். செம்பனையில் இப்போது வேலை செய்கிறவர்கள் வேறு நாட்டுப் பிள்ளைகள். அவர்கள் பேசுவது இவருக்குப் புரியாது, இவர் அதட்டுவது அவர்களுக்குப் புரியாது. சொந்தப் பிள்ளைகளோ கோலாலம்பூரில். மிஞ்சியது இந்த 17தான். வேலியோரம் செம்பருத்தி ஆளுயரத்துக்கு வளர்ந்து தினமும் பூத்துக் கொட்டுகிறது. 1960இல் நாட்டுக்கே தேசிய மலராக்கினார்கள். தண்டல் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. சொல்லாமலே வேலை செய்கிறவனை எந்தத் தண்டலுக்குப் பிடித்திருக்கிறது?

கவாத்து என்ற சொல்லுக்குப் பட்டாளத்தார் அணிவகுப்பு என்றும் பொருள், கிளை வெட்டுதல் என்றும் பொருள். இரண்டும் ஒன்றாக நடப்பதைப் பார்க்க வேண்டுமானால் செப்டம்பர் வாக்கில் இவர் வாசலுக்கு வர வேண்டும். கவாத்து செய்த செடி மறுபடி பூக்க ஆறேழு வாரம் ஆகும். தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணி நாளைக் குறித்து வைத்திருப்பார். நம் ஊரில் குளிர்காலம் கிடையாது. ரோஜாவுக்கு ஓய்வு என்பதே கத்திரி கொடுத்தால்தான் உண்டு. கத்திரியைச் சாராயத்தில் துடைப்பார். மிச்சச் சாராயம் என்ன ஆகிறது என்று நான் கேட்டதில்லை. பிறகு குனிந்து, கிளையின் வெளிப்பக்கம் பார்த்திருக்கும் கணுவைத் தேடி, அதற்குக் கால் அங்குலம் மேலே, தண்ணீர் நிற்காதபடி சாய்த்து ஒரு வெட்டு.

அந்த வெட்டைப் பற்றி மட்டும் கிண்டல் செய்ய எனக்கு மனம் வராது. பால் மரத்தில் பட்டையைச் சீவும்போது உள்ளே உளி இறங்கினால் மரத்துக்குக் காயம், பிறகு அந்த இடத்தில் முண்டும் முடிச்சும்தான் வரும். தண்டல் ஆவதற்கு முன்னால் பத்து வருஷம் பால் வெட்டிய கை அது. அறுபத்தைந்து வயதில், விரல் நடுங்கத் தொடங்கிய பிறகும், கத்திரி பிடித்ததும் நடுக்கம் நின்றுவிடுகிறது. வெட்டு வாய் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு நார் தொங்காது.

வெட்டி முடித்ததும் தீனி. அரிசி கழுவிய தண்ணீர், முட்டை ஓடு, வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை, செம்பனை ஆலையிலிருந்து கேட்டு வாங்கிய வெறுங்குலைச் சக்கை. எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று நாள் மூடி வைத்த மீன் கழுவிய தண்ணீர். அதை ஊற்றுகிற அன்று தெருவில் கல்யாணப் பேச்சு எதையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பக்கத்துத் தமான் பூனைகள்கூட வந்து வரிசையில் உட்கார்ந்துவிடும். அதற்கும் ஒரு பெரட்டு.

மனைவி முணுமுணுத்தால் அவரிடம் தயாராக ஒரு பதில் இருக்கும். கொடைக்கானலில் எம்.எஸ். வீரராகவன் என்று ஒருவர், ஐ.ஏ.எஸ். பதவியிலிருந்து முன்கூட்டியே விலகி, வெப்ப நாட்டில் தாங்கும் ரோஜாக்களை உருவாக்குவதற்கென்றே உட்கார்ந்தார். ஈரத்திலும் சூட்டிலும் வளரும் இந்தியக் காட்டு ரோஜா ஒன்றைப் பிடித்து மற்ற ரோஜாக்களோடு கலப்பு செய்தார். "அவரு கலெக்டர் உத்தியோகத்தையே விட்டாரு. நான் என்னத்த விட்டேன்?"

"குடைய விட்டீங்க" என்பார் அந்த அம்மா.

இத்தனைக்கும் அந்த வீட்டில் சாமிக்கு ஒரு ரோஜா கிடையாது. பூத்தால் பறிக்கக் கூடாது, செடியிலேயே இருக்க வேண்டும், வருகிறவர்கள் பார்க்க வேண்டும். வாடினால் அவரே வெட்டுவார், அதுவும் ஐந்து இலைக் காம்புக்கு மேலே. சாமிக்குப் பூ சிரம்பான் கடையிலிருந்து வரும், காசு கொடுத்து. பார்க்க வருகிறவர்களுக்கு ரோஜா சிராப்பில் பால் கலந்த பண்டுங் ஒரு கிளாஸ் கிடைக்கும். அந்த வீட்டில் ரோஜா என்று நாம் அனுபவிக்கக் கூடியது அந்த சிராப் ஒன்றுதான்.

போன வருஷம் மகள் ஓர் ஆங்கில ரோஜா வாங்கி அனுப்பினாள். டேவிட் ஆஸ்டின் என்ற இங்கிலாந்துக்காரர் 1961 முதல் வெளியிட்டுவந்த வகை. பழைய ரோஜாவின் மணமும் அடுக்கும், புதர் மாதிரி வளரும் உடம்பும் கொண்டது. தண்டல் தெரு முழுக்கச் சொன்னார்: "ஆஸ்டின் வந்திருக்கு." பழைய துரையின் காரை யாரோ ஏலத்தில் எடுத்துவிட்டார் என்று நினைத்து நாலு பேர் பார்க்க வந்தார்கள். புதர் என்று சொல்லி வந்தது, நம் வெயிலில் தென்னை மாதிரி ஒற்றையாக மேலே போய், உச்சியில் இரண்டு மொட்டு வைத்தது. செக்ரோலில் அதற்கு மட்டும் சிவப்பு மையில் கோடு.

சுவருக்கு அந்தப் பக்கம் சீன ஆண்டி வீடு. அவர் அப்பா அந்தக் காலத்தில் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் ஆண்டிக்குத் தோட்டத்துத் தமிழ் தண்ணிபட்டபாடு. அவர் வீட்டுக் குழாயடியில் துருப்பிடித்த மைலோ டின்னில் ஒரு இளஞ்சிவப்பு ரோஜா. தாத்தா காலத்துக் குச்சியாம். ஆண்டி அதற்குச் செய்கிற வைத்தியம் அரிசி கழுவிய தண்ணீர் மட்டும், அதுவும் ஞாபகம் வந்தால். அது மாதம் தவறாமல் பூத்துக்கொண்டே இருந்தது. சீனத்தில் அதன் பெயரிலேயே மாதம் இருக்கிறது.

தண்டலுக்கு அது கண்ணில் பட்டதில்லை. மைலோ டின்னில் இருப்பது ரோஜாவே அல்ல என்பது அவர் சட்டம். நான்தான் ஒருநாள் வாயை விட்டேன். ஐரோப்பாவின் பழைய ரோஜாக்கள் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். 1792க்கும் 1824க்கும் இடையில் சீனத்திலிருந்து போய்ச் சேர்ந்த நாலு ரோஜாக்கள்தான் அவற்றுக்குத் திரும்பத் திரும்பப் பூக்கும் குணத்தைக் கொடுத்தன. கல்கத்தா வழியாகப் போனதால் அவற்றை வங்காள ரோஜா என்றுகூடச் சொன்னார்கள். உங்கள் ஆஸ்டினுக்குப் பாட்டி முறை அந்த மைலோ டின் என்றேன். அவர் விளக்கை நெற்றியிலிருந்து கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்தார். வேலைக்கு வராமல் வந்ததாகப் பேர் போடச் சொன்னவனைப் பார்க்கிற பார்வை.

தீபாவளிக்கு நாலு நாள் முன்பு தொடங்கிய மழை விடவில்லை. குடைகளைக் காற்று கொண்டுபோனது. கணக்குப் போட்டு வைத்த மொட்டுகள் விரியாமல், நனைந்த காகித உருண்டை மாதிரி பழுப்பேறிக் காம்பிலேயே நின்றன. தீபாவளி காலை சாமி படத்துக்கு முன்னால் ஒரு தட்டு நிறைய இளஞ்சிவப்பு ரோஜா. "ஆண்டி கொடுத்தாங்க" என்றார் அந்த அம்மா, வேறு ஒன்றும் சொல்லாமல்.

சாயங்காலம் தண்டல் ஒரு டப்பா முறுக்கோடு சுவர் ஓரம் போய் நின்றார்.

"ஒரு குச்சி கிடைக்குமா?"

"தண்டல், இதுக்கெல்லாம் கேக்கணுமா? நெறைய இருக்கு லா" என்று ஆண்டி மீன் நறுக்கும் கத்திரியை எடுத்து, கணு பார்க்காமல், சாய்வு பார்க்காமல், கைக்கு வந்த இடத்தில் நறுக்கென்று வெட்டினார். தண்டல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

இப்போது பெரட்டில் 18 பேர். பதினெட்டாம் நம்பருக்கு இதுவரை ஒரு எம்சிகூட இல்லை. உங்களுக்கும் ஒரு குச்சி வேண்டுமானால் பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்தில், ஆண்டியிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தண்டலிடம் கேட்டால் ஒன்றரை மணி நேரம் ஆகும், பண்டுங்கும் குடிக்க வேண்டிவரும், குச்சி கிடைக்காது.